புரோஸ்டேட் சுரப்பியில் ஸ்டெம் செல்கள்: எந்தச் செல் எதுவாக மாறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரோஸ்டேட் என்றாலே பேச்சு அறிகுறி, பரிசோதனை, அறுவை சிகிச்சை என்று போய்விடும். அந்தச் சுரப்பிக்குள் இருக்கும் செல்கள் எங்கிருந்து வருகின்றன, எதுவாக மாறுகின்றன, யார் அதைத் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பற்றியது இந்தப் பக்கம். தன்னையும் புதுப்பித்துக்கொண்டு, மற்ற வகைச் செல்களையும் உண்டாக்கக்கூடிய செல்லைத்தான் ஸ்டெம் செல் என்கிறோம். பள்ளி அளவு உயிரியல் நினைவிருந்தால் போதும். சில பதில்கள் நீளமாக இருக்கும், ஏனென்றால் அங்கேதான் சண்டையே நடந்திருக்கிறது.

புரோஸ்டேட்டில் என்னென்ன செல்கள் இருக்கின்றன?

புரோஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்த சுரப்பி. இளவயது ஆணுக்கு ஏறத்தாழ 20 கிராம் எடை இருக்கும். விந்துநீரின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. உள்ளே கிளை கிளையாகப் பிரியும் நுண்குழாய்கள் இருக்கின்றன. அந்தக் குழாய்களின் சுவரில்தான் நாம் பேசப்போகும் செல்கள் இருக்கின்றன.

குழாயின் உட்புறத்தைப் பார்த்து நிற்கும் உயரமான செல்கள் லூமினல் செல்கள். சுரக்கும் வேலை இவற்றுடையது. ரத்தப் பரிசோதனையில் அளக்கும் பி.எஸ்.ஏ. புரதத்தை உண்டாக்குவதும் இவைதான். கெரட்டின் 8, கெரட்டின் 18 ஆகிய புரதங்களும், ஆண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஆண்ட்ரோஜென் ஏற்பியும் இவற்றில் நிறைய இருக்கும். இவற்றுக்கு அடியில், சவ்வை ஒட்டி, அடித்தளச் செல்கள் உண்டு. பரிசோதனைக்கூட அறிக்கைகளில் பேசல் செல் என்று எழுதுவார்கள். கெரட்டின் 5, கெரட்டின் 14, பி63 ஆகியவை இவற்றின் அடையாளங்கள். மூன்றாவது வகை நரம்பு-நாளமில்லாச் செல்கள்; நரம்புச் செல்லின் தன்மையும் ஹார்மோன் சுரக்கும் செல்லின் தன்மையும் கலந்தவை. எண்ணிக்கையில் மிகக் குறைவு, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தென்படும்.

இரண்டு வகையின் அடையாளங்களையும் ஒன்றாகச் சுமக்கும் இடைநிலைச் செல்களும் சில நேரம் கண்ணில் படும். இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தத் துறையின் பெரும்பாலான சோதனைகள் சுண்டெலியில் செய்யப்பட்டவை. சுண்டெலியின் புரோஸ்டேட் தனித்தனி மடல்களாகப் பிரிந்திருக்கும். மனிதனுடையது ஒரே கட்டியான உறுப்பு, அதை மண்டலங்களாகப் பிரித்துப் பேசுகிறோம். மனிதனில் அடித்தளச் செல்கள் இடைவெளியில்லாமல் ஒரு வரிசையாக நிற்கும். சுண்டெலியில் இடையிடையே இடைவெளி இருக்கும்.

புரோஸ்டேட்டில் செல்கள் மெதுவாகத்தானே மாறுகின்றன? பிறகு அங்கே ஸ்டெம் செல் எதற்கு?

நியாயமான சந்தேகம். குடலின் உட்சுவர் சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. தோலும் அப்படித்தான். வளர்ந்த ஆணின் புரோஸ்டேட்டில் அத்தகைய அவசரம் இல்லை, செல்கள் எப்போதாவதுதான் பிரிகின்றன.

ஆனால் ஆண் ஹார்மோனை நிறுத்திப் பார்த்தால் கதை மாறுகிறது. சுண்டெலிக்கு விரைநீக்கம் செய்தால் சில வாரங்களில் புரோஸ்டேட் சுருங்கிவிடும். லூமினல் செல்களில் ஏறத்தாழ 90 சதவீதம் வரை செத்துப்போகும். அடித்தளச் செல்களில் பெரும்பாலானவை தப்பிவிடும். இப்போது டெஸ்டோஸ்டிரோனைத் திரும்பக் கொடுத்தால் சுரப்பி பழைய அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. மறுபடி நிறுத்தினால் சுருங்கும், மறுபடி கொடுத்தால் வளரும். இதை 15 முறைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தும் வளரும் திறன் தீரவில்லை.

எங்கோ ஹார்மோன் இல்லாமலே உயிர்வாழக்கூடிய, மறுபடி முழுச் சுரப்பியையும் கட்டக்கூடிய செல்கள் ஒளிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இதிலிருந்துதான் வந்தது. ஹார்மோனைக் குறைத்தால் புற்றுநோய் கொண்ட புரோஸ்டேட்டும் சுருங்கும் என்று 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ், கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் இருவரும் காட்டினார்கள். அதற்காக ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சிகிச்சைக்குப் பிறகும் நோய் பல நோயாளிகளிடம் திரும்பி வந்ததால், தப்பிப் பிழைக்கும் செல் எது என்ற கேள்வி வெறும் எலி விஷயமாக இல்லாமல் போனது.

சரி, ஸ்டெம் செல் எது? அடித்தளச் செல்லா, லூமினல் செல்லா?

இந்தக் கேள்விக்கு ஒரு வரிப் பதில் தருபவரை நம்பாதீர்கள். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் பல ஆண்டுகள் அடித்தளச் செல்களின் பக்கமே காற்று வீசியது. ஹார்மோன் இல்லாமல் தப்புவது அவைதானே? பி63 மரபணு இல்லாத சுண்டெலிகளுக்குப் புரோஸ்டேட்டே உருவாவதில்லை என்று 2000இல் தெரியவந்தது. அடித்தளச் செல்களில்தான் பி63 இருக்கிறது, ஆகவே அவைதான் மூலம் என்று முடிவு கட்டினார்கள். 2008இல் இன்னும் வலுவான சான்று வந்தது. சில மேற்பரப்புப் புரதங்களை வைத்துப் பிரித்தெடுத்த ஒரே ஒரு சுண்டெலிச் செல்லை, கருவின் துணைத்திசுவோடு கலந்து, இன்னொரு சுண்டெலியின் சிறுநீரக உறைக்கு அடியில் வைத்தார்கள். சில முறை அந்த ஒற்றைச் செல்லிலிருந்து மூன்று வகைச் செல்களும் கொண்ட முழுப் புரோஸ்டேட் திசு முளைத்தது.

ஆனால் 2004லேயே ஒரு முரண் தலைகாட்டியிருந்தது. பி63 இல்லாத கருவின் மூலத்திசுவை எடுத்து வேறு விலங்கில் ஒட்டி வளர்த்தபோது, அடித்தளச் செல் ஒன்றுகூட இல்லாமல் லூமினல் செல்கள் உருவாகின. அப்படியானால் லூமினல் செல்லுக்கு அடித்தளச் செல் கட்டாயமில்லை. அடுத்த ஆண்டே, இருவகைக் கருச்செல்களைக் கலந்து செய்த சோதனை, இயல்பான வளர்ச்சியில் லூமினல் செல்கள் பி63 உள்ள செல்களிலிருந்துதான் வருகின்றன என்று காட்டியது. ஒன்று சாத்தியத்தைக் காட்டுகிறது, மற்றொன்று வழக்கத்தைக் காட்டுகிறது. இரண்டும் உண்மையே.

2009இல் ஆய்வாளர் மைக்கேல் ஷென் குழுவினர் லூமினல் பக்கத்திலிருந்து ஒரு போட்டியாளரைக் கொண்டுவந்தார்கள். விரைநீக்கம் செய்த பிறகும் என்.கே.எக்ஸ்.3.1 என்ற மரபணுவை இயக்கிக்கொண்டிருக்கும் அரிதான லூமினல் செல்கள் அவை. ஹார்மோன் திரும்பியதும் அவை லூமினல் செல்களையும் அடித்தளச் செல்களையும் உண்டாக்கின. ஆக, ஹார்மோன் பஞ்சத்தில் தப்புவது அடித்தளச் செல் மட்டும்தான் என்ற பழைய நம்பிக்கை ஆட்டங்கண்டது.

அப்புறம் 2011 முதல் 2013 வரை வம்சாவளித் தடமறிதல் ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. ஒரு வகைச் செல்லுக்கு மட்டும் அழியாத நிறக்குறி ஒன்றை மரபணு வழியாகக் கொடுத்துவிட்டு, விலங்கின் உடலுக்குள்ளேயே அதன் வாரிசுகளைப் பின்தொடர்வது இந்த முறை. வளர்ந்த சுண்டெலியில் அடித்தளச் செல்கள் பெரும்பாலும் அடித்தளச் செல்களையே உண்டாக்குகின்றன, லூமினல் செல்கள் லூமினல் செல்களையே உண்டாக்குகின்றன என்பதுதான் அவற்றின் பொதுவான முடிவு. விரைநீக்கத்துக்குப் பின் சுரப்பி மீண்டும் வளரும்போது வரும் புதிய லூமினல் செல்களும் பெரும்பாலும் பழைய லூமினல் செல்களின் வாரிசுகளே. குறுக்கே தாண்டும் அடித்தளச் செல்கள் உண்டு, ஆனால் அரிது.

ஒரே உறுப்பில் இரண்டு சோதனைகளுக்கு எதிரெதிரான முடிவு வருவது எப்படி?

எதிரெதிர் என்பதைவிட, இரண்டும் வேறு வேறு கேள்விகளைக் கேட்டன என்பதே சரி. ஒட்டுச் சோதனையில் செல்லைப் பிடுங்கி, அக்கம்பக்கத்து உறவுகளை அறுத்து, கருவின் துணைத்திசுவோடு சேர்த்து, முழுக் குழாயையும் கட்டச் சொல்கிறோம். அது அந்தச் செல்லால் என்ன முடியும் என்பதைச் சொல்கிறது. தடமறிதலில் செல்லைத் தொந்தரவு செய்யாமல் இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறோம். அது அந்தச் செல் வழக்கமாக என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறது. ஓர் ஆசிரியரை வெள்ளத்தில் இறக்கிவிட்டால் நீந்திக் கரையேறுவார். அதனால் அவர் தொழில் நீச்சல் என்று எழுதிவிட முடியாது.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். புரோஸ்டேட்டில் ஸ்டெம் செல் என்று நிரந்தரமாகப் பெயர்ப்பலகை மாட்டிய ஒரு செல்லைத் தேடுவது வீண் என்பது என் கருத்து. எந்தச் செல், எந்தச் சூழலில், எவ்வளவு தூரம் மாறத் தயாராகிறது என்று கேட்டால் சான்றுகள் ஒன்றோடொன்று பொருந்தி வருகின்றன. சில ஆய்வாளர்கள் இன்னும் தனியொரு அரிய செல்லைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தேடட்டும், அதிலும் பயனுள்ளவை கிடைக்கின்றன.

அப்படியானால் அடித்தளச் செல் எப்போது லூமினல் செல்லாக மாறும்?

சில சூழல்கள் நன்றாகத் தெரிந்தவை.

முதலாவது, வளரும் பருவம். பிறந்த பிறகு புரோஸ்டேட் கிளைவிட்டு வளரும் காலத்தில் அடித்தளச் செல்களிடையே பன்முகத் திறன் கொண்டவை, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட வகைச் செல்களை உண்டாக்கக்கூடியவை இருக்கின்றன. அவை எந்தத் திசையில் பிரிகின்றன என்பதும் பேசப்படும் விஷயம். சவ்வுக்கு இணையாக, பக்கவாட்டில் பிரிந்தால் இரண்டு அடித்தளச் செல்கள் கிடைக்கும். செங்குத்தாகப் பிரிந்தால் கீழே ஒரு அடித்தளச் செல்லும் மேலே ஒரு லூமினல் செல்லும் கிடைக்கும். லூமினல் செல்கள் தங்களைப் போலவே இரண்டாகத்தான் பிரிகின்றன.

இரண்டாவது, அழற்சி. சுண்டெலியின் புரோஸ்டேட்டில் பாக்டீரியாத் தொற்றை உண்டாக்கினால் அடித்தளச் செல்கள் லூமினல் செல்களாக மாறுவது கூடுகிறது. மூன்றாவது, லூமினல் செல்கள் பெருமளவில் உதிர்ந்துபோவது. மேல்வரிசையில் இடம் காலியானால் கீழிருப்பவை மேலேறுகின்றன. இரண்டும் ஒரே விஷயத்தைச் சுட்டுகின்றன: பக்கத்தில் ஆரோக்கியமான லூமினல் செல்கள் நிற்கும்வரை அடித்தளச் செல் அடங்கியிருக்கிறது.

நான்காவது, பரிசோதனைக்கூடத் தட்டு. செல்லை உடலிலிருந்து பிரித்தெடுப்பதே அதற்குப் பெரிய காயம். ஆகவே தட்டில் காணும் திறனை அப்படியே உடலுக்குப் பொருத்திப் பேசும் செய்திகளைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மனிதப் புரோஸ்டேட்டில் நீண்டநாள் அழற்சி இருந்த இடங்களில், சுருங்கிய குழாய்களுக்குள் செல்கள் சுறுசுறுப்பாகப் பிரிந்துகொண்டிருப்பதை நோயியல் நிபுணர்கள் பார்த்திருக்கிறார்கள். முதலில் சொன்ன இடைநிலைச் செல்கள் அங்கே அதிகம். இது புற்றுநோய்க்கு முந்தைய படியா என்பது நெடுநாள் விவாதம்.

ஒற்றைச் செல் ஆய்வுகள் வந்த பிறகு படம் மாறியதா?

மாறியது. ஒவ்வொரு செல்லிலும் எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று ஆயிரக்கணக்கான செல்களில் தனித்தனியாகப் படிக்கும் வசதி வந்ததும், லூமினல் செல் என்ற ஒரே பெட்டிக்குள் பல வகைகள் இருப்பது தெரிந்தது.

2018இல் மனிதப் புரோஸ்டேட்டை இப்படி ஆராய்ந்தவர்கள், சிறுநீர்க்குழாய்க்கு அருகிலுள்ள பகுதியில் இரண்டு புதிய வகைகளைக் கண்டார்கள். நுரையீரலின் மூச்சுக்குழாயில் இருக்கும் கிளப் செல், ஹில்லாக் செல் ஆகியவற்றை அவை ஒத்திருந்தன. சுவாசத்துக்கும் விந்துநீருக்கும் என்ன உறவு என்று முதலில் தோன்றும். இரண்டும் வெளியுலகத்தோடு வாசல் வைத்திருக்கும் குழாய்கள், கிருமி நுழைய வாய்ப்புள்ளவை என்று பார்த்தால் அவ்வளவு விசித்திரமில்லை.

2020இல் வந்த சுண்டெலி ஆய்வு ஸ்டெம் செல் வேட்டைக்கே ஒரு தட்டுத் தட்டியது. விரைநீக்கத்துக்குப் பிறகு தப்பிய லூமினல் செல்களைப் பார்த்தால், ஒருசில அரிய செல்கள் மட்டும் சுரப்பியை மீட்டுக் கட்டவில்லை. தப்பிய லூமினல் செல்களில் ஏறத்தாழ எல்லாமே அதில் பங்கெடுத்தன. முன்பு நன்கு முதிர்ந்து சுரந்துகொண்டிருந்த செல்கள்கூட, ஹார்மோன் போனதும் ஸ்டெம் செல்லுக்குரிய சில மரபணுக்களை இயக்க ஆரம்பித்திருந்தன. இந்த உறுப்பில் நான் படித்தவற்றில் மிகவும் சிந்திக்கவைத்த முடிவு இதுதான்.

மனிதனுக்கு நிறக்குறி வைக்க முடியாதே. மனிதச் செல்களின் வம்சாவளி எப்படித் தெரியும்?

இயற்கை தானாகவே குறி வைத்துக் கொடுக்கிறது. செல்லின் மைட்டோகாண்டிரியாவுக்குத் தனியாக டி.என்.ஏ. உண்டு. வயதாக ஆக அதில் தற்செயலான பிழைகள் விழும். சில பிழைகள் ஒரு குறிப்பிட்ட நொதியை முடக்கிவிடும். திசுவைச் சாயமிட்டால் அந்த நொதி இல்லாத செல்கள் தனி நிறத்தில் தெரியும். பக்கம்பக்கமாக இருக்கும் அந்தச் செல்களில் ஒரே பிழை இருந்தால் அவை ஒரே மூதாதைச் செல்லின் வாரிசுகள் என்று சொல்லலாம்.

இந்த முறையில் பார்த்தபோது, ஒரே வாரிசுத் திட்டுக்குள் அடித்தளச் செல்களும் லூமினல் செல்களும் சேர்ந்தே இருந்தன. 2017இல் வந்த ஓர் ஆய்வு, சிறுநீர்க்குழாய்க்கு அருகில், குழாய்களின் தொடக்கப் பகுதியில் பன்முகத் திறன் கொண்ட அடித்தளச் செல்கள் இருப்பதாகவும், அங்கிருந்து வாரிசுச் செல்கள் குழாயின் கடைக்கோடியை நோக்கி மெல்ல நகர்வதாகவும் காட்டியது. இது வளர்ந்த சுண்டெலியின் படத்தோடு முழுமையாக ஒத்துப்போகவில்லை. சுண்டெலி சில மாத வயதில் ஆராயப்படுகிறது, மனிதத் திசுவில் பல பத்தாண்டுகளின் வரலாறு பதிந்திருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கருவில் ஒரு செல் புரோஸ்டேட்டாக ஆக வேண்டும் என்று யார் தீர்மானிக்கிறார்கள்?

பக்கத்து வீட்டார்தான். சிறுநீர்-இனப்பெருக்க மூலக்குழி என்ற கரு உறுப்பிலிருந்து புரோஸ்டேட் முளைவிடுகிறது. மனிதக் கருவில் இது ஏறத்தாழ 10ஆவது வாரத்தில் தொடங்கும். அதைச் சூழ்ந்திருக்கும் துணைத்திசுவுக்கு மீசன்கைம் என்று பெயர். ஜெரால்ட் குன்ஹாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் இவ்விரு திசுக்களையும் பிரித்து, மாற்றி மாற்றிச் சேர்த்து ஒட்டிப் பார்த்தார்கள். வளர்ந்த விலங்கின் சிறுநீர்ப்பைச் சுவர்ச் செல்களை இந்த மீசன்கைமோடு சேர்த்தால் அவை புரோஸ்டேட் ஆகிவிட்டன!

இதைவிட நயமான சோதனை ஒன்று உண்டு. ஆண்ட்ரோஜென் ஏற்பி வேலைசெய்யாத ஒரு சுண்டெலி வகை இருக்கிறது. அதன் மூலக்குழிச் சுவர்ச் செல்களை இயல்பான மீசன்கைமோடு சேர்த்தால் புரோஸ்டேட் குழாய்கள் உருவாகின்றன. இயல்பான மூலக்குழிச் சுவர்ச் செல்களை ஏற்பியில்லாத மீசன்கைமோடு சேர்த்தால் உருவாவதில்லை. அதாவது, ஹார்மோனின் ஆணையைக் கேட்பது துணைத்திசு. அது வேறு சமிக்ஞைகளாக மாற்றிப் பக்கத்துச் செல்லுக்குச் சொல்கிறது. சுரக்கும் வேலை தொடங்கும்போதுதான் லூமினல் செல்லுக்குச் சொந்தமாக ஏற்பி தேவைப்படுகிறது.

அந்த ஹார்மோன் முக்கியமாக டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன். டெஸ்டோஸ்டிரோனை அதுவாக மாற்றும் நொதி பிறவியிலேயே குறைந்திருந்த சிலரை டொமினிக்கன் குடியரசில் கண்டு 1974இல் விவரித்தார்கள். அவர்களுக்குப் புரோஸ்டேட் மிகச் சிறிதாகவே இருந்தது. அந்த நொதியைத் தடுக்கும் ஃபினஸ்டரைடு மாத்திரை 1992இல் அமெரிக்காவில் புரோஸ்டேட் வீக்கத்துக்கு அனுமதி பெற்றது.

செல்லுக்குள்ளிருந்து தீர்மானிக்கும் காரணிகளும் உண்டு. என்.கே.எக்ஸ்.3.1 அவற்றில் முதன்மையானது. விந்துப்பையின் முதிர்ந்த செல்களில் இந்த ஒரு மரபணுவை இயக்கி, கரு மீசன்கைமோடு ஒட்டியபோது அவை புரோஸ்டேட் செல்களாக மாறியதை 2016இல் காட்டினார்கள். விந்துப்பையும் புரோஸ்டேட்டும் கருவின் வெவ்வேறு அடுக்குகளிலிருந்து வருபவை என்பதால் இது பெரிய தாண்டல்.

வயதானபின் வரும் புரோஸ்டேட் வீக்கத்துக்கும் ஸ்டெம் செல்லுக்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. புற்றுநோயல்லாத இந்த வீக்கம் சிறுநீர்க்குழாயைச் சுற்றிய மண்டலத்தில் தோன்றுகிறது. புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதம் தோன்றுவது வெளிமண்டலத்தில். முடிச்சு முடிச்சாக, புதிய குழாய்கள் கிளைவிட்டு வளர்வதைப் பார்த்த நோயியல் நிபுணர் ஜான் மெக்னீல், கருவில் இருந்த வளர்ச்சித் திட்டம் மீண்டும் விழித்துக்கொள்கிறது என்று 1978இல் விளக்கம் தந்தார். துணைத்திசுவின் அதிகாரத்தைப் பற்றி முன் பதிலில் படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது. வீக்கத்தை ஒரே ஒரு ஸ்டெம் செல் மேல் சுமத்துவதைவிட, துணைத்திசுவும் செல்களும் சேர்ந்து செய்யும் காரியமாகப் பார்ப்பதே பொருத்தம்.

புற்றுநோய் எந்தச் செல்லில் தொடங்குகிறது?

நுண்ணோக்கியில் பார்த்தால் புரோஸ்டேட் புற்றுநோய் லூமினல் செல்களின் கூட்டமாகத் தெரியும். அடித்தளச் செல் வரிசை காணாமல் போயிருக்கும். நோயியல் நிபுணர்கள் நோயை உறுதிசெய்யப் பயன்படுத்தும் அடையாளங்களில் இது முக்கியமானது. பயாப்ஸி அறிக்கையில் பி63 சாயம் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தால், அடித்தளச் செல்கள் அங்கே இல்லை என்று அர்த்தம். அந்த ஒற்றை வரியை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். மற்ற அடையாளங்களோடு சேர்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பார்க்க லூமினல் போலிருப்பதால் லூமினல் செல்லில்தான் தொடங்கியது என்று சொல்லிவிடலாமா? 2010இல் மனித அடித்தளச் செல்களில் புற்றுநோய் மரபணுக்களைப் புகுத்தி, நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத சுண்டெலியில் ஒட்டியபோது, நோயாளிகளிடம் காண்பதைப் போன்ற லூமினல் தோற்றமுள்ள கட்டிகளே வந்தன. சுண்டெலியில் பி.டி.இ.என். என்ற தடுப்பு மரபணுவை ஒவ்வொரு வகைச் செல்லிலும் தனித்தனியாக நீக்கிப் பார்த்தபோதும் இரண்டிலிருந்தும் கட்டி வந்தது. லூமினல் செல்கள் எளிதில் வழிதவறின. அடித்தளச் செல்கள் முதலில் லூமினல் தன்மைக்கு மாறி, அப்புறம்தான் கட்டியாயின. ஆகவே தொடக்கப் புள்ளி ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கலாம், லூமினல் பக்கம் வாய்ப்பு அதிகம் என்ற அளவில் சொல்லலாம்.

புற்றுநோய் ஸ்டெம் செல் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. நோய் முதலில் தோன்றிய செல் எது என்பது ஒரு கேள்வி. கட்டி வளர்ந்த பிறகு அதைத் தொடர்ந்து வளர்க்கும் செல் எது என்பது வேறு கேள்வி. சில மேற்பரப்புப் புரதங்களை வைத்து, புரோஸ்டேட் கட்டிகளில் அத்தகைய செல்களைப் பிரித்தெடுத்ததாக 2005இல் ஆய்வு வந்தது. ஆனால் அந்த அடையாளங்கள் எல்லாக் கட்டிகளுக்கும் பொருந்தவில்லை. செல்கள் இந்த நிலைக்குள் போவதும் வருவதுமாக இருந்தால், அவற்றை மட்டும் குறிவைத்துக் கொல்லும் மருந்து எவ்வளவு நாள் பலன் தரும் என்பது யோசிக்க வேண்டியதுதான்.

சிகிச்சைக்கு நடுவே புற்றுநோய் வேறு வகையாக மாறிவிடும் என்பது உண்மையா?

உண்மை. செல்லின் தலைவிதி பற்றிய ஆய்வு நோயாளியை நேரடியாகத் தொடும் இடம் இது.

ஆண்ட்ரோஜென் பாதையை அடைக்கும் வலுவான மருந்துகள் 2011இல் அபிராடெரோன், 2012இல் என்சலூடமைடு என்று வந்தன. பலருக்கு ஆயுளைக் கூட்டின. பெரும்பாலான கட்டிகள் எதிர்ப்பு காட்டும்போது ஆண்ட்ரோஜென் ஏற்பியையே வேறு வழியில் தூக்கி நிறுத்துகின்றன: ஏற்பியைப் பெருக்கிக்கொள்ளும், அதன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். ஒரு பகுதிக் கட்டிகள் இன்னும் தந்திரமானவை. லூமினல் அடையாளத்தையே கழற்றிப் போட்டுவிட்டு நரம்பு-நாளமில்லாச் செல்லின் தன்மைக்கு மாறிவிடுகின்றன. ஏற்பியே வேண்டாம் என்ற நிலை வந்தபின் அதைத் தடுக்கும் மருந்துக்கு அங்கே வேலையில்லை. எதிர்ப்பு நிலைக்குப் போன பரவிய நோயில் சுமார் 17 சதவீதம் பேரிடம் இத்தகைய சிறுசெல் வகையைக் கண்டதாக 2018இல் ஓர் ஆய்வு சொன்னது.

இவை முன்பிருந்தே ஒளிந்திருந்த நரம்பு-நாளமில்லாச் செல்களின் பெருக்கம் இல்லையா? அப்படியும் சந்தேகித்தார்கள். ஆனால் பாதியளவு புரோஸ்டேட் புற்றுநோய்களில் காணப்படும் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2, இ.ஆர்.ஜி. மரபணு இணைவு, மாறிய கட்டியிலும் அப்படியே இருக்கிறது. இது ஒரே குடும்பம் என்பதற்கான சான்று. சுண்டெலியில் நிறக்குறி வைத்துப் பார்த்த 2017 ஆய்வும், லூமினல் செல்களே நேரடியாக இப்படி மாறுவதைக் காட்டியது.

டி.பி.53, ஆர்.பி.1 என்ற இரண்டு காவல் மரபணுக்களும் ஒன்றாகப் பழுதானால் இந்தத் தாவல் எளிதாகிறது. அப்போது சாக்ஸ்2 என்ற மரபணு விழித்துக்கொள்கிறது. கருநிலை ஸ்டெம் செல்களில் இயங்கும் மரபணு அது. சோதனைகளில் சாக்ஸ்2ஐ அடக்கியபோது மருந்துக்குக் கட்டுப்படும் தன்மை ஓரளவு திரும்பியது. டி.என்.ஏ.வின் பொதிவை மாற்றும் இ.இசட்.எச்.2 என்ற நொதியைத் தடுத்தபோதும் சுண்டெலிக் கட்டிகளில் அதைப் போன்ற பலன் தெரிந்தது. ஒருமுறை மாறியது திரும்பவே முடியாதது அல்ல என்பதால்தான் இதில் இவ்வளவு ஆர்வம்.

நடைமுறையில் இதன் அடையாளம் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். நோய் பரவிக்கொண்டே போக, பி.எஸ்.ஏ. அளவு மட்டும் குறைவாகவே இருந்தால் மருத்துவர்கள் இந்த மாற்றத்தைச் சந்தேகிப்பார்கள், மறுபடி பயாப்ஸி கேட்கலாம். பி.எஸ்.ஏ. சுரப்பது லூமினல் செல்லின் வேலை என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். இந்த வகைக்குப் பிளாட்டினம் அடங்கிய கீமோதெரபியைப் பயன்படுத்துவது வழக்கம்.

ஆர்கனாய்டு என்பது என்ன?

செல்களை முப்பரிமாணக் கூழ்மத்தில், தக்க ஊட்டச்சத்துகளோடு வளர்த்துப் பெறும் குட்டி உறுப்பு. 2014இல் புரோஸ்டேட்டுக்கு இது சாத்தியமானது. ஒற்றை லூமினல் செல்லிலிருந்தும் இரண்டு அடுக்கும் கொண்ட ஆர்கனாய்டு வளர்ந்தது அப்போது பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது, ஏனென்றால் அதற்கு முன்பு தட்டில் அடித்தளச் செல்கள்தான் நன்றாக வளரும். நோயாளியின் கட்டியிலிருந்தும் ஆர்கனாய்டு வளர்க்கலாம். ஆனால் முதல்நிலைப் புரோஸ்டேட் கட்டிகள் இதில் அடம்பிடிப்பவை. பரவிய நோயிலிருந்து எடுத்தவை ஓரளவு ஒத்துழைக்கும்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் புரோஸ்டேட் வீக்கமோ புற்றுநோயோ குணமாகுமா?

குணமாகும் என்று நிறுவப்பட்ட சிகிச்சை எதுவும் இல்லை. இந்தப் பக்கத்தில் பேசிய செல்கள் எல்லாம் உறுப்புக்குள்ளேயே இருப்பவை. கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ எடுத்துச் செலுத்தும் ஊசிக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. வீக்கத்திலும் புற்றுநோயிலும் இருக்கும் சிக்கல் செல் பற்றாக்குறை அல்ல, செல் பெருக்கம். புதிதாகச் செல்களைச் சேர்ப்பது எப்படி உதவும் என்று விளம்பரம் செய்பவரிடமே கேளுங்கள்.

ஹார்மோனைக் குறைக்கும் சிகிச்சையை இடையிடையே நிறுத்தி நிறுத்திக் கொடுப்பதன் பின்னாலும் இந்த யோசனைதான் இருக்கிறதா?

ஆமாம். ஹார்மோனை அறவே நிறுத்தினால், ஹார்மோன் தேவைப்படாத செல்களை நாமே தேர்ந்தெடுத்து வளர்க்கிறோமோ என்று ஆய்வாளர் நிக்கோலஸ் புருகோவ்ஸ்கி கேட்டார். நடுநடுவே ஹார்மோனைத் திரும்ப விட்டால் தப்பிய செல்கள் முதிர்ந்து, மறுபடி ஹார்மோனைச் சார்ந்த செல்களாகும், எதிர்ப்பு தள்ளிப்போகும் என்பது அவருடைய கணிப்பு. சுண்டெலிக் கட்டிகளில் அது ஓரளவு பலித்தது.

மனிதனில் முடிவு கலவையாக வந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பிறகு பி.எஸ்.ஏ. மட்டும் ஏறியவர்களிடம் நடந்து 2012இல் வெளியான பெரிய ஆய்வில், விட்டுவிட்டுக் கொடுத்தவர்களின் ஆயுள் தொடர்ந்து பெற்றவர்களைவிட மோசமாக இல்லை. திடீரென உடல் சூடாவது, பாலுணர்வுக் குறைவு போன்ற தொல்லைகளும் குறைந்தன. ஆனால் நோய் பரவியவர்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், இந்த முறை தொடர் சிகிச்சைக்குச் சமம் என்று நிறுவ முடியவில்லை.  ஆகவே இதை நீங்களாக முயன்று பார்க்காதீர்கள். உங்கள் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்த புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டு, நிறுத்துவதாக இருந்தால் எந்த பி.எஸ்.ஏ. அளவில் மறுபடி தொடங்குவது என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.